ஆடம்பரக் கார் விற்பனைப் பட்டியல்: சிங்கப்பூர்க் கணக்கு ஏன் வேறு?

ஜனவரி பிறந்ததும் ஆடம்பரக் கார் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக முந்தைய ஆண்டின் விற்பனைக் கணக்கை வெளியிட ஆரம்பிக்கும். பிஎம்டபிள்யூ முந்தியதா, மெர்சிடிஸ் முந்தியதா என்று ஜெர்மனியில் அலசல் ஓடும். அதே சமயத்தில் இங்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவு எண்ணிக்கையும் வந்துவிடும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிங்கப்பூர்க் கணக்கு கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும்.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். டொயோட்டா, லெக்சஸையும் சேர்த்து, உலகம் முழுவதும் 10 மில்லியனுக்கும் அதிகமான வண்டிகளை விற்றது. பிஎம்டபிள்யூ சின்னம் தாங்கிய கார்கள் 2.2 மில்லியன். நாலரை மடங்கு வித்தியாசம். சிங்கப்பூரில் அந்த ஆண்டு பதிவான புதிய கார்கள் மொத்தமே 43,000 சொச்சம். அதில் 6,191 கார்களுடன் சீனாவின் பிஒய்டி முதலிடம் பிடித்தது. அடுத்து டொயோட்டா. அதற்குப் பின்னாலேயே பிஎம்டபிள்யூவும் மெர்சிடிஸும். உலகச் சந்தையில் இருக்கும் அந்த நாலரை மடங்கு இடைவெளி சாங்கி வந்து இறங்கியதும் காணாமல் போய்விடுகிறது.

"இங்க காசு இருக்கு, வாங்குறாங்க" என்பார்கள். காசு இருப்பது உண்மைதான், ஆனால் அது பாதி விளக்கம்கூட ஆகாது. இங்கே ஒரு காரின் விலையைத் தீர்மானிப்பதில் அதைச் செய்த தொழிற்சாலையைவிட வரி அட்டவணைக்குத்தான் பங்கு அதிகம். அந்த அட்டவணை நடுத்தர ஆடம்பரத்துக்குக் கைகொடுக்கிறது, உச்ச ஆடம்பரத்தைப் போட்டு அமுக்குகிறது. இனி வரும் ஆண்டுகளில் எந்தப் பெயர் ஏறும், எது இறங்கும் என்பதும் பெரும்பாலும் அந்த அட்டவணையைப் பொறுத்த விஷயம்தான்.

முதலில் உலகப் பட்டியல்

2024இல் பிஎம்டபிள்யூ 2,200,177 கார்கள் விற்று முதலிடத்தில் இருந்தது. மெர்சிடிஸ் பென்ஸ் கார்கள் 1,983,400. ஆவ்டி 1,671,218. மூன்றும் முந்தைய ஆண்டைவிடக் குறைவு. ஆவ்டிக்கு அடி பலம், ஏறக்குறைய 12 விழுக்காடு சரிவு. இவர்களுக்குக் கீழே லெக்சஸ் எட்டரை லட்சம் கார்களுடன் தன் வரலாற்றிலேயே அதிக விற்பனையைக் கண்டது. வால்வோ 763,389. போர்ஷே 310,718.

இந்த மாதிரிப் பட்டியலைப் படிக்கும்போது சில இடங்களில் நிதானிக்க வேண்டும். பிஎம்டபிள்யூ நிறுவனம் இரண்டு எண் சொல்லும். மினி, ரோல்ஸ் ராய்ஸ் எல்லாம் சேர்த்த குழும எண் ஒன்று, 2024இல் அது 2.45 மில்லியன். பிஎம்டபிள்யூ சின்னத்துக்கு மட்டும் உரிய எண் இன்னொன்று. மெர்சிடிஸும் அப்படித்தான், வேன்களைச் சேர்த்தால் ஒரு கணக்கு, சேர்க்காவிட்டால் வேறு கணக்கு. ஒரு பக்கம் குழும எண், மறுபக்கம் கார் எண் என்று கலந்து ஒப்பிட்டால் யாரை வேண்டுமானாலும் ஜெயிக்க வைக்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பல பட்டியல்கள் அந்த ரகம்.

டெஸ்லாவை ஆடம்பர வகையில் சேர்ப்பதா என்பது இன்னொரு தகராறு. 2024இல் டெஸ்லா ஒப்படைத்தது 1.79 மில்லியன் கார்கள். சேர்த்தால் ஆவ்டி நாலாம் இடத்துக்குப் போய்விடும். என்னைக் கேட்டால் டெஸ்லாவை ஆடம்பரம் என்று சொல்வது கஷ்டம். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், அடிக்கடி விலையைக் குறைத்து விற்கிற ஒரு நிறுவனத்தை எந்த ஆடம்பரக் கடைக்காரரும் தன் சாதியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

முதலிடமும் யாருக்கும் நிரந்தரம் இல்லை. 2005இலிருந்து 2015 வரை பிஎம்டபிள்யூ கையில் இருந்தது. 2016இல் மெர்சிடிஸ் பறித்து 2020 வரை வைத்திருந்தது. 2021இல், மின்னணுச் சில்லுகளுக்கு உலகமே தவித்த ஆண்டில், பிஎம்டபிள்யூ மீண்டும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு மெர்சிடிஸ் எண்ணிக்கைப் போட்டியில் இருந்து தானே கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. 2022இல் அது அறிவித்த திட்டத்தின் சாரம், சின்னக் கார்களைக் குறைத்துவிட்டு எஸ் கிளாஸ், மேபாக், ஏஎம்ஜி மாதிரி லாபம் கொழிக்கும் பக்கம் போவது. சீனச் சந்தை சொன்னபடி கேட்டிருந்தால் அது நல்ல திட்டம்தான்.

சீனா சொன்னபடி கேட்கவில்லை. இந்த விஷயத்தில் போர்ஷேவின் கதையைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 2021இல் அந்த நிறுவனம் சீனாவில் மட்டும் 95,671 கார்கள் விற்றது. 2024இல் அது 56,887. 2025இல் இன்னும் சுருங்கி, உலக விற்பனையே 2.8 லட்சத்துக்கு வந்துவிட்டது. சீனாவின் சொத்துச் சந்தை சரிந்தது ஒரு காரணம். ஷாவ்மி, ஹுவாவெய் போன்ற தொலைபேசி நிறுவனங்களே கார் சந்தைக்குள் வந்தது இன்னொன்று. ஷாவ்மியின் முதல் கார் 2024 மார்ச்சில் வந்தது. தோற்றத்தில் போர்ஷே டைகனின் சாயல், விலையிலோ பக்கத்தில்கூட வராது. ஒரே ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது. அமெரிக்கா 2025இல் இறக்குமதிக் கார்களுக்குப் போட்ட கூடுதல் வரி, ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்தவர்களை மேலும் வாட்டியது. அமெரிக்காவில் தொழிற்சாலையே இல்லாத போர்ஷேவுக்கும் ஆவ்டிக்கும் அது நேரடி அடி. தெற்கு கரோலினாவில் பெரிய ஆலை வைத்திருக்கும் பிஎம்டபிள்யூ ஓரளவு தப்பித்தது.

உச்சியில் இருப்பவர்களின் கணக்கே தனி. 2024இல் ஃபெராரி 13,752, லம்போர்கினி 10,687, பென்ட்லி 10,643, ரோல்ஸ் ராய்ஸ் 5,712. ரோல்ஸ் ராய்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு 6,032 விற்றிருந்தது. எண்ணிக்கை இறங்கியதும் தோல்வி என்று எழுதிவிட முடியாது, ஏனென்றால் அங்கே ஒரு காருக்கு எவ்வளவு கூடுதல் வேலைப்பாடு விற்றோம் என்பதுதான் பேச்சு. ஃபெராரி அந்த 13,752 கார்களை வைத்துக்கொண்டு 6.7 பில்லியன் யூரோ வருமானம் பார்த்தது. காத்திருப்போர் வரிசை எப்போதும் நீளமாக இருக்கும்படி உற்பத்தியை அடக்கி வைப்பது அவர்கள் தொழிலின் அடிப்படை.

இங்கே கணக்கு எப்படி மாறுகிறது

திருச்சியில் இருந்து சுற்றிப்பார்க்க வந்த மச்சினன் ஒருவன், செங்காங்கில் எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்ன மாமா, அரசாங்க வீட்ல இருக்கிறவங்க எல்லாரும் பென்ஸ் வச்சிருக்காங்க?" எல்லாரும் இல்லைதான். ஆனாலும் அவன் வாய்பிளந்ததில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் மெர்சிடிஸின் சாதனை ஆண்டான 2024இல் அந்த மாபெரும் நாடு முழுவதிலும் விற்றவை 19,565. அங்கே புதிய கார்களில் ஆடம்பர வகையின் பங்கு நூற்றுக்கு ஒன்றைச் சுற்றித்தான் இருக்கிறது. இங்கே வீவக மாடிகளில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுகளில், மெர்சிடிஸின் மூன்று கதிர் நட்சத்திரம் சாதாரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரில் கார் இறங்கியதும் சுங்கத்துறை அதற்கு ஒரு பொதுச் சந்தை மதிப்பு வைக்கும். கார், காப்பீடு, கப்பல் கூலி எல்லாம் அதில் அடக்கம். அதன்மேல் 20 விழுக்காடு தீர்வை. இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அப்புறம், மதிப்பு ஏற ஏற விகிதமும் ஏறும் கூடுதல் பதிவுக் கட்டணம். கடைசியாக, பத்தாண்டுக்கு மட்டும் செல்லும் வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது எல்லாரும் சிஓஇ என்று சொல்வது. இத்தனைதான் என்று கோட்டா வைத்து ஏலத்தில் விடுவார்கள், 1990இல் ஆரம்பித்த ஏற்பாடு அது.

ஒரு சாதாரண ஜப்பானியக் கார், பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைப்போம். தீர்வை 4,000, பொருள் சேவை வரி 2,160, கூடுதல் பதிவுக் கட்டணம் 20,000. சிஓஇ இல்லாமல் 46,160 வெள்ளி. இன்னொன்று தொடக்கநிலை ஜெர்மன் கார், மதிப்பு 40,000. தீர்வை 8,000, பொருள் சேவை வரி 4,320. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000க்கு நூறு விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140 விழுக்காடு, ஆக 48,000. மொத்தம் 100,320. அதாவது ஜெர்மன் கார் ஜப்பானியக் காரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்போது இரண்டின் தலையிலும் சிஓஇயைப் போடுங்கள். கணக்குக்காக 100,000 வெள்ளி. ஜப்பானியக் கார் 146,160, ஜெர்மன் கார் 200,320. முகவரின் லாபம் இதில் சேரவில்லை. இரண்டு மடங்காக இருந்த வித்தியாசம் 37 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. வெள்ளியில் பார்த்தால் இடைவெளி 54,160. அதைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 450 வெள்ளி. லெங் கீ சாலைக் காட்சிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளருக்கு இந்த 450 வெள்ளிதான் துருப்புச்சீட்டு. "அண்ணே, எப்படியும் ஒன்றரை லட்சம் போடப்போறீங்க. இன்னும் கொஞ்சம் போட்டா பென்ஸ்."

ஒரே பிரிவில் வரும் கார் என்றால், இரண்டு கார் வாங்குபவர்களும் ஒரே தொகையைச் சான்றிதழுக்குக் கட்டுகிறார்கள் என்பதுதான் இதில் சூட்சுமம். எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்றால், மலிவான பொருளின் மலிவு மறைந்துபோகும். கலியாண மண்டப வாடகையே ஆளை விழுங்கும்போது, சாப்பாட்டில் ஓர் இனிப்பு கூடுதலாகப் போடுவது பெரிய செலவாகத் தெரியாது அல்லவா, அதே கதை.

சிஓஇ எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்கு இந்த விளைவு கூடும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளியைத் தொட்டது. சின்னக் கார்களுக்கான ஏ பிரிவு 106,000. இதே சான்றிதழ் 2008 நவம்பரில் ஏ பிரிவில் வெறும் 2 வெள்ளிக்குப் போனது. எழுத்துப்பிழை இல்லை, இரண்டே வெள்ளி. கோட்டா தாராளமாக இருந்த அந்த ஆண்டுகளில் இங்கே ராஜா டொயோட்டாதான். சான்றிதழ் கிட்டத்தட்ட இலவசம் என்றால் மலிவுக் காரின் மலிவு அப்படியே மிஞ்சும்.

எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு விதியையும் சொல்லிவிட வேண்டும். சந்தை மதிப்பு 20,000க்குள் உள்ள காருக்கு விலையில் 70 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். அதைத் தாண்டினால் 60 விழுக்காடுதான். மேலே சொன்ன ஜெர்மன் காருக்குக் கையில் இருந்து 80,000 வெள்ளி வைக்க வேண்டும், ஜப்பானியக் காருக்கு 44,000 போதும். மாதக் கணக்கில் சின்னதாகத் தெரியும் வித்தியாசம் முன்பணத்தில் பூதாகரமாகிறது. நிறையப் பேர் கடைசி நேரத்தில் பின்வாங்குவது இந்த இடத்தில்தான்.

சின்ன எஞ்சின், பெரிய பெயர்

2013 வாக்கில் இந்தச் சுருக்கம் அளவுக்கு மீறிப் போனது. அப்போது ஏ பிரிவுக்கு ஒரே நிபந்தனை எஞ்சின் 1,600 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது. அந்த வரம்பு எழுதப்பட்ட காலத்தில் 1,600 சிசி என்றால் குடும்பக் கார். டர்போ வந்த பிறகு கதை மாறியது. பிஎம்டபிள்யூ 316ஐ, மெர்சிடிஸ் சி180, வால்வோ எஸ்60 எல்லாம் 1.6 லிட்டர் எஞ்சினுடன் வந்து, கொரோலாவும் சிவிக்கும் நிற்கும் வரிசையில் நின்றன. ஏலத்தில் யார் அதிகம் கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தது, 2014 பிப்ரவரியில் விதி மாறியது. சிசியோடு 97 கிலோவாட், அதாவது 130 குதிரைசக்தி என்ற வரம்பும் சேர்ந்தது. 136 குதிரைசக்தி உள்ள 316ஐ ஒரு மயிரிழையில் வெளியே போனது. ஆடம்பர நிறுவனங்கள் சும்மா இருக்குமா? ஆவ்டி ஏ3க்கு ஒரு லிட்டர் எஞ்சின் வந்தது. பிஎம்டபிள்யூ மூன்று சிலிண்டர் 216ஐயைக் கொண்டுவந்தது. பின்புறம் ஒட்டியிருக்கும் சின்னம் அதே சின்னம்தான், உள்ளே இழுக்கும் எஞ்சின்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

மின்சாரக் கார்களுக்கு 2022 மே மாதம் முதல் 110 கிலோவாட் வரை ஏ பிரிவில் இடம். அதே ஆட்டம் அங்கேயும் ஆரம்பமானது. டெஸ்லா மாடல் 3க்கே 110 கிலோவாட்டில் அடக்கிய ஒரு வகை இங்கே விற்பனைக்கு வந்தது. சிங்கப்பூர்ப் பட்டியலில் ஓர் ஆடம்பரப் பெயர் திடீரென்று ஏறினால், மக்கள் ரசனை மாறிவிட்டது என்று நினைப்பதற்கு முன், ஏ பிரிவுக்குள் நுழைகிற மாதிரி புதிதாக ஏதாவது கொண்டுவந்தார்களா என்று பார்ப்பது நல்லது.

80,000 வெள்ளிக்கு மேலே

நடுத்தர ஆடம்பரத்தைத் தட்டிக்கொடுக்கும் அதே அட்டவணை மேலே போகப்போகப் பல்லைக் காட்டும். 2023 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் கூடுதல் பதிவுக் கட்டணம் ஐந்து படிகளாக ஆனது. 40,000 முதல் 60,000 வரை 190 விழுக்காடு, 60,000 முதல் 80,000 வரை 250 விழுக்காடு, அதற்கு மேல் 320 விழுக்காடு. சந்தை மதிப்பு 100,000 வெள்ளி உள்ள காருக்கு இந்தக் கட்டணம் மட்டும் சரியாக 200,000. மதிப்பு 200,000 என்றால் 520,000. 80,000க்கு மேல் காரின் மதிப்பில் கூடும் ஒவ்வொரு வெள்ளியும், தீர்வையும் பொருள் சேவை வரியும் சேர்ந்து, வாங்குபவர் கையில் நாலரை வெள்ளியாக வந்து விழும். அந்த உயரத்தில் சிஓஇ ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, சில்லறைக் காசுதான்.

திரும்பக் கிடைக்கும் பணத்துக்கும் அந்த ஆண்டு வரம்பு வந்தது. பத்து ஆண்டுக்குள் காரை ஒப்படைத்தால் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி கழிவாகத் திரும்ப வரும். அது 60,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது என்றார்கள் அப்போது. பழைய முறையில், 200,000 கட்டியவர் பத்தாம் ஆண்டில் ஒப்படைத்தாலும் பாதி, அதாவது ஒரு லட்சம் பார்த்திருப்பார். உயர்ரகக் கார்களைச் சில ஆண்டுகளில் மாற்றிக்கொண்டே இருந்தவர்களின் கணக்கை இது கலைத்துப் போட்டது.

அப்படியும் ஆர்ச்சர்ட் சாலையில் பென்ட்லிக்குக் குறைவில்லை. 2023 ஆகஸ்ட்டில் பிடிபட்ட 3 பில்லியன் வெள்ளி கள்ளப்பண வழக்கில் கைப்பற்றிய சொத்துகளில் ஆடம்பரக் கார்களும் வரிசையாக நின்றன. விலை உறைக்காத ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும், எண்ணிக்கையில்தான் அது சிறிது. பட்டியலின் மேல்வரிசையை அவர்கள் தீர்மானிப்பதில்லை.

நடுவில் புகுந்த சீனர்கள்

2024இல் இங்கே பதிவான புதிய கார்களில் மூன்றில் ஒன்று மின்சாரக் கார். 2023இல் அது 18 விழுக்காடுதான். ஒரே ஆண்டில் இந்தத் தாவல், அதன் முதுகில் ஏறி பிஒய்டி டொயோட்டாவைத் தாண்டியது. 2025லும் முதலிடத்தை அது விடவில்லை.

வாடகைக் கார் நிறுவனங்கள் வாங்குவதும் பிஒய்டியின் எண்ணிக்கையில் உண்டு. டொயோட்டா, ஹோண்டாவுக்கும் அது பொருந்தும். பென்ஸ், பிஎம்டபிள்யூ பக்கம் அந்தப் பங்கு குறைவு, அங்கே கம்பெனிப் பெயரில் வாங்குவதுதான் அதிகம். எனவே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பெயர்களை ஒரே மாதிரி ஆள்தான் வாங்குகிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காக பிஒய்டியை வாடகைக்கார்க் கம்பெனி என்று ஒதுக்கவும் முடியாது. சாப்பாட்டுக் கடைக்குள்ளேயே காரை நிறுத்தி, பர்கர் சாப்பிட வந்த குடும்பத்தைக் கதவைத் திறந்து பார்க்க வைத்த நிறுவனம் அது. சந்தையை அது நன்றாகப் படித்திருக்கிறது.

ஜெர்மன் நிறுவனங்களுக்கு உண்மையான தலைவலி பிஒய்டியின் சின்னக் கார்கள் இல்லை. அதே குழுமத்தின் டென்சா, அப்புறம் சீக்கர், எக்ஸ்பெங் என்று 2024இல் வந்து இறங்கியவை. தோல் இருக்கை, பெரிய திரை, சத்தமே இல்லாத உள்ளறை எல்லாம் இவற்றில் உண்டு. இவை குறிவைப்பது மேலே கணக்குப் போட்ட அந்த ஜெர்மன் காரை வாங்க நினைக்கும் ஆளைத்தான்.

வரிச் சலுகையும் அந்த இடத்தைத்தான் தடவிக்கொடுத்தது. 2025இல் மின்சாரக் காருக்கு அரசாங்கத்தின் இரண்டு ஊக்கத் திட்டங்கள் சேர்ந்து அதிகபட்சம் 40,000 வெள்ளி சலுகை. அது கூடுதல் பதிவுக் கட்டணத்தில் கழியும். கட்டணமே 20,000 என்றால் சலுகையை முழுதாக அனுபவிக்க வழியில்லை. 100,000 வெள்ளி மதிப்புள்ள காருக்கு, 200,000 கட்டணத்தில் 40,000 கழிந்து என்ன ஆகப்போகிறது? சந்தை மதிப்பு 40,000 உள்ள மின்சாரக் காரோ 48,000 கட்ட வேண்டிய இடத்தில் 8,000 கட்டிவிட்டுப் போகும். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 மாதிரிக் கார்களும் டெஸ்லாவும் சீனர்களின் மேல்வரிசைக் கார்களும் முட்டிமோதும் இடம் இதைச் சுற்றித்தான் இருக்கிறது. முன்பு ஜெர்மானியர்கள் மட்டும் அனுபவித்த வரிச் சாதகத்தை இப்போது எல்லாரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

இனி எப்படி?

அந்தச் சலுகை 2026இல் அதிகபட்சம் 30,000 வெள்ளியாகக் குறைகிறது. இரண்டு திட்டங்களில் ஒன்றான முன்கூட்டியே மின்வாகனத்துக்கு மாறுவோர் ஊக்கத்தொகை 2026 டிசம்பர் 31உடன் முடிகிறது. கடைசி மாதங்களில் முண்டியடித்து வாங்குவார்கள், அடுத்த ஜனவரியில் சந்தை சோர்ந்துபோகும். ஆக, 2026க்கான பட்டியலில் மின்சாரக் கார் நிறுவனங்களின் எண்ணிக்கை அசலைவிடக் கொஞ்சம் ஊதித் தெரிய வாய்ப்பு உண்டு.

கோட்டா இன்னொரு பக்கம். சிஓஇயின் ஆயுள் பத்து ஆண்டு என்பதால், 2015 முதல் 2018 வரை ஏராளமாகப் பதிவான கார்கள் இப்போது ஒவ்வொன்றாகச் சாலையை விட்டுப் போகின்றன. அந்த இடங்கள் ஏலத்துக்கு வருகின்றன. அதோடு 2025 பிப்ரவரியில் இருந்து சில ஆண்டுகளுக்குப் பிரித்து 20,000 சான்றிதழ்கள் வரை கூடுதலாக விடுவதாகவும் ஆணையம் அறிவித்தது. கோட்டா கூடினால் விலை இறங்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். 2025 அக்டோபரில் ஏ பிரிவு 128,000 வெள்ளியைத் தாண்டி அந்தப் பாடத்தைப் பொய்யாக்கியது. மலிவான மின்சாரக் கார்கள் ஏ பிரிவுக்குள் குவிந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இருந்தாலும் ஒருநாள் இறங்கும் என்று வைத்துக்கொண்டு பழைய கணக்கை மறுபடி போடுவோம். சிஓஇ 30,000 வெள்ளி என்றால் நம் ஜப்பானியக் கார் 76,160, ஜெர்மன் கார் 130,320. இடைவெளி அதே 54,160தான், ஆனால் இப்போது ஜெர்மன் கார் 71 விழுக்காடு விலை கூடியதாகத் தெரியும். சான்றிதழ் மலிந்தால் பென்ஸ் வாங்கலாம் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் வாங்கவும் செய்வார்கள். ஆனால் அப்போது டொயோட்டாவும் ஹோண்டாவும் அதைவிட வேகமாக விற்கும், பட்டியலில் ஜெர்மன் பெயர்கள் ஓரிரு இடம் இறங்கலாம். ஜெர்மன் கார் முகவர்கள் சிஓஇ அடியோடு சரிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

2030 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களும் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும். கலப்பு எஞ்சின் கார்களுக்கு அதில் இடம் உண்டு, அதனால் லெக்சஸுக்கு உடனே ஆபத்து இல்லை. ஜெர்மானியர்கள் சீனர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். பிஎம்டபிள்யூ 2025 செப்டம்பரில் மியூனிக்கில் புதிய தலைமுறை ஐஎக்ஸ்3ஐக் காட்டியது. மெர்சிடிஸ் அதே ஆண்டு மின்சார சிஎல்ஏவைக் கொண்டுவந்தது. போர்ஷே தலைகீழாகத் திரும்பி, பெட்ரோல் எஞ்சின்களுக்கு இன்னும் பல ஆண்டு ஆயுள் கொடுப்பதாக அறிவித்தது. ஏ பிரிவின் 110 கிலோவாட் வரம்புக்குள் அடங்கும் ஒரு வகையை பிஎம்டபிள்யூவும் மெர்சிடிஸும் இந்தப் புதிய வரிசையில் இருந்து இங்கே இறக்கினால், 2014க்குப் பிறகு நடந்த அதே கூத்தை மறுபடி பார்க்கலாம். இறக்காவிட்டால், பி பிரிவில் டென்சாவுடனும் சீக்கருடனும் விலையில் மோத வேண்டியிருக்கும். ஆணையத்தின் மாதாந்தரப் பதிவுக் கணக்கில் பிஒய்டிக்கும் டென்சாவுக்கும் தனித்தனி வரி உண்டு. பிஎம்டபிள்யூவுக்கு எதிராக வைத்துப் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது வரியைத்தான்.